குளிர்காலப் புயல் மலையில் மழையாகுமா, பனியாகுமா? புதியவர்களுக்கான வழிகாட்டி

குளிர்காலத்தில் மலைக்குப் புறப்படுகிறவர் வானிலை அறிக்கையில் முதலில் தேடுவது "எவ்வளவு பெய்யும்?" என்ற எண்ணைத்தான். அந்த எண் தனியாக நின்றால் பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஐம்பது மில்லிமீட்டர் என்று அறிவிக்கப்பட்ட ஒரே நாளில், 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊரில் ஓடை கரைபுரண்டு ஓடலாம். 2,000 மீட்டரில் பாதை முழுவதும் ஈரப்பனி கூழாகக் கிடக்கலாம். 3,000 மீட்டரில் முழங்காலுக்கு மேல் பனி குவியலாம். இவற்றில் எது நமக்கு வாய்க்கும் என்பதை மூன்று செய்திகளே தீர்மானிக்கின்றன: புயல் எங்கிருந்து கிளம்பியது, எவ்வளவு வெப்பத்தைச் சுமந்து வருகிறது, மலையின் எந்தப் பக்கத்தில் மோதுகிறது. அளவைப் பற்றிய கேள்வியை இவற்றுக்குப் பிறகே கேட்க வேண்டும் என்பதே நான் இந்தக் கட்டுரையில் வலியுறுத்த விரும்புவது.

ஒரு சொல்விளக்கத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். முன்பனி, பின்பனி என்று பருவங்களையே வகுத்த நம் மொழியில் "பனி" என்ற ஒரே சொல் புல்நுனித் துளியையும், விடியற்காலை மூட்டத்தையும், வானிலிருந்து வெண்மையாக விழும் செதில்களையும் குறிக்கிறது. இங்கே பனி என்று வரும் இடமெல்லாம் கடைசியாகச் சொன்ன செதில்களையே குறிக்கும்.

முதல் படி: உறைமட்டம் வேறு, பனிக்கோடு வேறு

மேலே ஏறும் காற்று அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகமாகத் திரளாத காற்று ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிரும். மேகமாகத் திரண்டுவிட்ட காற்றிலோ, நீராவி நீர்த்துளியாக மாறும்போது தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளிவிடுவதால், அந்த வீதம் 5 அல்லது 6 டிகிரியாகக் குறைந்துவிடும். புயல் நேரத்தில் பொதுவாக இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும். ஆகவே 1,000 மீட்டரில் வெப்பமானி 6 டிகிரி காட்டினால், 0 டிகிரி ஏறத்தாழ 2,000 மீட்டரில் இருக்கும் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். அந்த உயரத்தைத்தான் உறைமட்டம் என்கிறோம்.

உறைமட்டத்துக்கு மேலே பனி, கீழே மழை என்று உடனே கோடு கிழித்துவிடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. பனிச்செதில் 0 டிகிரியைக் கடந்த கணத்திலேயே உருகிவிடுவதில்லை. முழுவதும் உருகுவதற்குள் அது இன்னும் சில நூறு மீட்டர் கீழே வந்துவிடுகிறது. அதனால் மழையும் பனியும் பிரியும் பனிக்கோடு பொதுவாக உறைமட்டத்துக்கு 200 முதல் 300 மீட்டர் கீழே அமைகிறது. கீழேயுள்ள காற்று வறண்டிருந்தால் இந்த இடைவெளி இன்னும் கூடும், ஏனெனில் விழும் செதிலிலிருந்து ஈரம் ஆவியாகும்போது செதிலும் சுற்றியுள்ள காற்றும் குளிர்கின்றன. 2 அல்லது 3 டிகிரி வெப்பத்திலும் பனி விழுவது இதனால்தான். வெறும் வெப்பநிலையைப் பார்ப்பதைவிட, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் "ஈரக்குமிழ் வெப்பநிலை" அறிக்கையில் கிடைத்தால் அதைப் பார்ப்பதே நல்லது. அது 0 டிகிரியை ஒட்டி இருக்குமானால் பனியை எதிர்பார்க்கலாம்.

பனிக்கோடு புயலின் நடுவிலேயே கீழிறங்கக்கூடும் என்பதையும் இங்கே சேர்த்துக் கொள்ளவேண்டும். ஒரு கிலோ பனி உருக ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 10 மில்லிமீட்டர் நீருக்கு இணையான பனி ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள காற்றடுக்கில் உருகி முடியும்போது அந்த அடுக்கு 3 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும். திறந்த வெளியில் புதுக்காற்று வந்துகொண்டே இருப்பதால் இது வெளித்தெரியாது. நாற்புறமும் மலை சூழ்ந்த குறுகிய பள்ளத்தாக்கில் காற்று இடம்பெயர வழியில்லை. பலத்த பொழிவு சில மணி நேரம் நீடித்தால், காலையில் மழையாகத் தொடங்கியது மாலையில் பள்ளத்தாக்கின் அடிவரை பனியாகிவிடும். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் இது நன்கு அறியப்பட்ட நிகழ்வு. தூறலாக இருக்கும்வரை மழை, வலுக்கும்போது பனி என்று மாறி மாறிப் பெய்வதைக் கண்டால் இதுவே காரணம் என்று புரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் படி: புயலின் பிறப்பிடத்தைக் கேளுங்கள்

எல்லாப் புயல்களையும் ஒரே பெயரால் அழைப்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. மலைக்கு வரும் குளிர்காலப் புயல்களில் அடிக்கடி எதிர்ப்படும் வகைகளை இங்கே விளக்குகிறேன். எல்லா மலைகளுக்கும் எல்லா வகைகளும் வருவதில்லை என்பதால், நீங்கள் செல்லும் மலைத்தொடருக்கு எவை பொருந்தும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பக் கடலிலிருந்து வரும் ஈரப்பெருக்கை முதலில் வைக்கிறேன், ஏனெனில் அதிக அழிவைத் தருவது இதுவே. வெப்பமண்டலக் கடற்பரப்பிலிருந்து நடு அட்சங்களை, அதாவது வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளை நோக்கி நீராவி ஒரு குறுகிய பட்டையாக நீண்டு பாய்வதுண்டு. அகலம் சில நூறு கிலோமீட்டர்தான், நீளமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இதற்கு "வளிமண்டல ஆறு" என்ற பெயர் 1990-களில் ஆய்வாளர்களிடையே நிலைபெற்றது. சராசரியான ஒரு வளிமண்டல ஆறே மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்தில் பாயும் நீருக்கு இணையான அளவை நீராவியாகச் சுமந்து செல்லும். ஹவாய்த் தீவுகளின் பக்கமிருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு வருவதை அங்குள்ள மக்கள் "பைன்ஆப்பிள் எக்ஸ்பிரஸ்" என்று அழைக்கிறார்கள். கலிபோர்னியாவின் ஆண்டுப் பொழிவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இத்தகைய சில புயல்களிலேயே கிடைத்துவிடுகிறது. 2019-ஆம் ஆண்டு முதல் இவற்றை நீராவிப் பெயர்ச்சியின் அளவையும் நீடிக்கும் நேரத்தையும் கொண்டு 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 பெரும்பாலும் நன்மை தருவது, 5 பெரும்பாலும் ஆபத்தானது.

இந்த வகைப் புயலில் உறைமட்டம் 2,500 மீட்டரையும் தாண்டிச் செல்வதுண்டு. அதாவது, வழக்கமாகக் குளிர்காலம் முழுவதும் பனி மூடியிருக்கும் சரிவுகளில் மழை கொட்டும். பனியாக விழுந்திருந்தால் வசந்தம் வரை மலையிலேயே தங்கியிருக்க வேண்டிய நீர் அன்றே ஆற்றில் இறங்குகிறது. ஏற்கெனவே கிடந்த பனியின் ஒரு பகுதியும் வெப்பமும் ஈரமும் கலந்த காற்றில் உருகி அதனுடன் சேர்ந்துகொள்கிறது. கலிபோர்னியாவில் 1997 புத்தாண்டையொட்டி வந்த பெருவெள்ளத்துக்கும், 2017 பிப்ரவரியில் ஓரோவில் அணையின் நீர்வழிகள் சிதைந்து 1,80,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டதற்கும் பின்னால் இத்தகைய வெப்பப் புயல்கள் இருந்தன. அறிக்கையில் வளிமண்டல ஆறு என்ற சொல்லைப் பார்த்தால், பனிக்கருவிகளைத் தேடுவதற்கு முன் உங்கள் பாதை எத்தனை ஓடைகளைக் கடக்கிறது என்று வரைபடத்தில் எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரானது துருவப் பக்கத்துக் குளிர்ப் புயல். அலாஸ்கா வளைகுடா போன்ற உயர் அட்சக் கடற்பகுதிகளிலிருந்து இறங்கி வரும் இதில் நீர் குறைவு. ஆனால் விழுவதெல்லாம் பனியாக விழும். பனிக்கோடு சில நூறு மீட்டர் உயரம் வரை கீழிறங்கி, பனியே பழகாத தாழ்வான சாலைகளைக்கூட மூடிவிடும். 20 மில்லிமீட்டர்தானே என்று இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவே, இரண்டின் இயல்பையும் ஒரே உடலில் கொண்டது நடு அட்சத் தாழ்வழுத்தப் புயல். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் நார்வேயின் பெர்கன் நகரில் பியெர்க்னெஸ் தந்தையும் மகனும் அவர்களது குழுவினரும் இதன் அமைப்பை வரைந்து காட்டினார்கள்; போர்முனையை மனத்தில் கொண்டுதான் வெப்பக்காற்றும் குளிர்காற்றும் சந்திக்கும் எல்லைக்கு "முகப்பு" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். முதலில் வெப்ப முகப்பு வரும். மெல்லிய மேகத்திரையும் சூரியனைச் சுற்றி ஒளிவட்டமும் தோன்றும். பிறகு மேகம் தாழ்ந்து, நீண்ட நேரம் சீராகப் பெய்யும். பனிக்கோடு மெல்ல மேலேறும். அடுத்து வெப்பக்காற்றின் பகுதி கடந்து செல்லும். பின்பு குளிர் முகப்பு வரும். காற்று சட்டென்று திசைமாறும், பொழிவு சிறிது நேரம் மிகக் கடுமையாகும், பனிக்கோடு ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே 1,000 மீட்டர்கூட இறங்கிவிடலாம். ஆகவே இந்த வகைப் புயலுக்கு "பனிக்கோடு எங்கே?" என்று ஒரே கேள்வி போதாது, எத்தனை மணிக்கு எங்கே என்று கேட்க வேண்டும்.

மேற்கு இமயமலை, காரகோரம், இந்துகுஷ் பகுதிகளுக்குக் குளிர்காலப் பொழிவின் பெரும்பகுதியைக் கொண்டுவருபவை "மேற்கத்திய இடையூறுகள்". இந்திய வானிலை ஆய்வு மையத்தின் குளிர்கால அறிக்கைகளில் இந்தப் பெயர் திரும்பத் திரும்ப வரும். மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல் பக்கங்களில் உருவாகும் இந்தத் தாழ்வழுத்த அலைகள், வானில் உயரே ஓடும் மேற்கத்திய ஜெட் காற்றோட்டத்தோடு கிழக்கு நோக்கி நகர்ந்து வருகின்றன. வழியில் அரபிக்கடலின் ஈரமும் சேர்ந்தால் பொழிவு வலுக்கிறது. இடையூறு நெருங்கும்போது மேகம் மூடுவதால் இரவின் குளிர் குறையும். "இன்று இதமாக இருக்கிறதே" என்று பயணி நினைக்கும் இரவு அது. கடந்து சென்றபின் வானம் தெளிந்து, வடமேற்குக் காற்று வீசி, கடுங்குளிர் இறங்கும். கணவாயைக் கடக்க நினைப்பவர் இதமான இரவை எச்சரிக்கையாகவும், தெளிந்த மறுநாளைப் புதுப்பனியும் வழுக்கும் பனிக்கட்டியும் நிறைந்த நாளாகவும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தின் விளிம்பில் வெப்பமண்டலப் புயலின் எச்சமும் உயர்மலையை வந்தடையலாம் என்பதை ஹுத்ஹுத் காட்டியது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தின் அருகே கரையேறிய அந்தப் புயலின் ஈரம், வடக்கே நகர்ந்து மேற்கத்தியக் காற்றின் அலையொன்றைச் சந்தித்து, அக்டோபர் 14 அன்று நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும் பனிப்புயலாக விழுந்தது. மலையேற்றத்துக்கு மிக உகந்தது என்று கருதப்படும் மாதத்தில், தோரோங் லா கணவாயைச் சுற்றியும் அருகிலுள்ள மலைகளிலும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கடற்கரையில் கரையேறிய ஒரு புயலுக்கும் தங்கள் பாதைக்கும் தொடர்பு உண்டு என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள கடலையும் சேர்த்தே வானிலை வரைபடத்தைப் பாருங்கள் என்று நான் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

கடல்விளைவுப் பனிக்குப் பெரிய தாழ்வழுத்த மண்டலம்கூடத் தேவையில்லை. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட கடுங்குளிர்க் காற்று, ஒப்பீட்டளவில் வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, எதிரே நிற்கும் ஹொன்ஷு, ஹொக்கைடோ மலைகளில் அதைப் பனியாகக் கொட்டுகிறது. 1927 பிப்ரவரி 14 அன்று ஜப்பானின் இபுகி மலையில் 1,182 சென்டிமீட்டர் ஆழப் பனி அளக்கப்பட்டது. இந்த வகையில் பனிக்கோட்டைப் பற்றிய ஐயம் அதிகம் எழாது. காற்றின் திசை மாறாதவரை பொழிவு நாள்கணக்கில் நிற்காது என்பதே கவனிக்க வேண்டியது.

இறுதியாக, பெருங்காற்றோட்டத்திலிருந்து துண்டிக்கப்பட்டுத் தனியே சுழலும் தாழ்வழுத்தம். முன்கணிப்பாளர்களுக்கு அதிகத் தொல்லை தருவது இதுதான், ஏனெனில் இழுத்துச் செல்லக் காற்றோட்டம் இல்லாததால் எப்போது எந்தப் பக்கம் நகரும் என்பது கடைசிவரை நிச்சயமாகாது. நகராமல் நிற்பதால் ஒரே மலையில் நீண்டநேரம் பெய்கிறது. இதைப் பற்றிய முன்னறிவிப்பை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள். இரண்டு நாள் பழைய அறிக்கையை நம்பிப் புறப்படாதீர்கள்.

மூன்றாம் படி: காற்றின் திசையை மலையின் மேல் வைத்துப் பாருங்கள்

வரைபடத்தில் மலைத்தொடர் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறது என்று பாருங்கள். அதற்குக் குறுக்கே, செங்குத்தாக வரும் காற்றே அதிகமாகப் பெய்விக்கும். சியரா நெவாடா வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீள்வதால் தென்மேற்குக் காற்று அதன்மேல் முழு வலிமையோடு மோதுகிறது. அதே போக்கில் கிடக்கும் பீர்பாஞ்சால் தொடருக்கும் இது பொருந்தும். மேற்குக் கிழக்காகக் கிடக்கும் ஆல்ப்ஸில் வடக்குச் சரிவுக்கு ஒரு புயலும் தெற்குச் சரிவுக்கு வேறொரு புயலும் என்று பங்கு பிரிந்துவிடுகிறது. 1999 பிப்ரவரியில் வடமேற்குக் காற்றோடு அடுத்தடுத்து வந்த பனிப்பொழிவுகள் ஆஸ்திரியாவின் பஸ்னாவுன் பள்ளத்தாக்கை வெளியுலகிலிருந்து துண்டித்தன. 23-ஆம் தேதி கால்ட்யூர் கிராமத்தின் மேல் பனிச்சரிவு இறங்கி 31 பேர் இறந்தார்கள்.

காற்று மோதும் பக்கத்தில் இவ்வளவு பெய்துவிட்டால், மறுபக்கம் இறங்கும் காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. அதுவே மழை மறைவுப் பகுதி. லடாக் வறண்டிருப்பதற்கு அதுவே முதன்மையான காரணம். இறங்கும் காற்று அழுத்தப்பட்டு வெப்பமடைவதால், ஆல்ப்ஸில் ஃபோன் என்றும் ராக்கி மலைகளின் கிழக்கே சினூக் என்றும் அழைக்கப்படும் வெப்பக்காற்று அங்கே வீசும். மொன்டானாவின் லோமா என்ற ஊரில் 1972 ஜனவரி 14, 15 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் வெப்பநிலை மைனஸ் 48 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்கு ஏறியது.

ஆனால் மழை மறைவுப் பக்கம் எப்போதும் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. தாழ்வழுத்தம் மலையைத் தாண்டி மறுபுறம் நிலைகொண்டால், வழக்கமாக வறண்டிருக்கும் சரிவில் காற்று தலைகீழாக, கீழிருந்து மேலேறும். கொலராடோவில் ராக்கி மலைகளின் கிழக்குச் சரிவில் பேரளவு பனி விழுவது பெரும்பாலும் இப்படித்தான். 2003 மார்ச்சில் டென்வர் நகரில் ஏறத்தாழ 80 சென்டிமீட்டரும், அருகிலுள்ள மலையடிவாரங்களில் சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் அதிகமாகவும் விழுந்தது.

நான்காம் படி: நீரைப் பனியின் உயரமாக மாற்றிப் பாருங்கள்

ஒரு சென்டிமீட்டர் நீருக்குப் பத்து சென்டிமீட்டர் பனி என்பது பழகிய கணக்கு. தொடக்கத்துக்கு அது போதும், ஆனால் அதிலேயே நின்றுவிட வேண்டாம். 0 டிகிரியை ஒட்டிய வெப்பப் புயலில் இந்த விகிதம் ஐந்து முதல் எட்டு வரை குறையும். கடுங்குளிர்ப் புயலில் பதினைந்து, இருபது என்று கூடும். மேகத்துக்குள் மைனஸ் 15 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் கிளைகள் விரிந்த நட்சத்திர வடிவச் செதில்கள் வேகமாக வளர்கின்றன. அவை ஒன்றன்மேல் ஒன்று விழும்போது இடையில் காற்று நிறைந்து, பனி பஞ்சுபோல உயர்கிறது. 1936-இல் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலாகச் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்த ஜப்பானிய இயற்பியலாளர் உகிசிரோ நகாயா, எந்த வெப்பத்திலும் ஈரத்திலும் எந்த வடிவம் பிறக்கிறது என்பதை முறையாக வகுத்துக் காட்டினார்.

ஆகவே 40 மில்லிமீட்டர் நீர், வெப்பப் புயலில் 25 சென்டிமீட்டர் ஈரப்பனியாகவோ குளிர்ப் புயலில் 70 சென்டிமீட்டர் இலேசான பனியாகவோ வரலாம். கூரையின் மேலும் கூடாரத்தின் மேலும் இரண்டின் எடையும் ஒன்றே: சதுர மீட்டருக்கு 40 கிலோ. உயரத்தை மட்டும் பார்த்து, குறைவாக விழுந்த ஈரப்பனியை அலட்சியம் செய்தவர்களின் கூடாரங்கள்தான் பெரும்பாலும் இரவில் மடிகின்றன. பனியை அதன் நீரால் அளக்க வேண்டும் என்பதை நெவாடாவின் ரோஸ் மலையில் குழாயைப் பனிக்குள் செருகி எடைபோட்டு நடைமுறையாக்கியவர் ஜேம்ஸ் சர்ச். அவர் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் முதலிய செம்மொழிகள் கற்பித்த பேராசிரியர் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஐந்தாம் படி: எது முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்துங்கள்

புயலுக்குள் வெப்பநிலை எந்தப் போக்கில் மாறுகிறது என்பதே பனிச்சரிவு ஆபத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. வெப்பமாகத் தொடங்கிக் குளிர்ந்து முடியும் புயலில், கனமான ஈரப்பனி அடியில் ஒட்டிப் படிய, அதன்மேல் இலேசான பனி உட்காரும். அடுக்கு ஓரளவு நிலையாக இருக்கும். குளிராகத் தொடங்கி வெப்பமாக முடியும் புயலில் இலேசான பனியின் தலையில் கனமான பனி ஏறிக்கொள்கிறது. மெத்தையின் மேல் கற்பலகையை வைத்தது போன்ற அந்த அடுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில் எளிதில் பிளந்து வழுக்கும். முடிவில் மழையாக மாறினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் மழைநீர் பனிக்குள் இறங்கி எடையைக் கூட்டுவதோடு பிடிப்பையும் தளர்த்திவிடும். புயல் நடக்கும்போதும், அது ஓய்ந்த முதல் 24 மணி நேரத்திலும் செங்குத்தான சரிவுகளின் மேலேயும் அடியிலும் நடமாடாமல் இருப்பதே முறை. உள்ளூர்ப் பனிச்சரிவு எச்சரிக்கை மையம் அறிவிக்கும் நிலையைப் பார்க்காமல் எவரும் சரிவில் கால்வைக்கக் கூடாது.

ஆறாம் படி: பள்ளத்தாக்கில் தேங்கிய குளிரை மறவாதீர்கள்

உயரம் கூடக்கூடக் குளிர் கூடும் என்ற விதி சில நாள்களில் தலைகீழாகிவிடும். தெளிந்த நீண்ட இரவுகளில் கனத்த குளிர்காற்று பள்ளத்தாக்கின் அடியில் குளம்போலத் தேங்கி நிற்க, மேலே வெப்பப் புயலின் காற்று நுழைந்தால், பனி நடுவே உருகி மழையாகி, கீழே 0 டிகிரிக்குக் குறைவான தரையைத் தொட்டவுடன் கண்ணாடித் தகடாக உறையும். இந்த உறைமழை அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், அப்பலாச்சிய மலைகளின் கிழக்கு அடிவாரத்திலும் குளிர்காலத்தில் எதிர்பார்க்கப்படும் ஒன்று. மேலே மழை, கீழே பனிக்கட்டி என்ற இந்த அமைப்பில் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பதைத் தவிர நான் சொல்லக்கூடிய நல்ல யோசனை வேறில்லை.

ஏழாம் படி: ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பாருங்கள்

வடக்குத் தெற்காக நீளும் ஒரு மலைத்தொடரில், 1,600 மீட்டரில் உள்ள ஊரிலிருந்து 2,800 மீட்டர் கணவாய்க்குச் செல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கை 60 மில்லிமீட்டர் என்கிறது. காலை முதல் தென்மேற்குக் காற்று, உறைமட்டம் 3,000 மீட்டர். மாலை ஆறு மணிக்குக் குளிர் முகப்பு, பிறகு வடமேற்குக் காற்று, உறைமட்டம் 1,800 மீட்டர். மொத்தத்தில் 40 மில்லிமீட்டர் முகப்புக்கு முன்பே பெய்துவிடும்.

பகல் முழுவதும் பனிக்கோடு ஏறத்தாழ 2,700 முதல் 2,800 மீட்டரில், அதாவது கணவாயின் அருகிலேயே நிற்கிறது. ஊரிலிருந்து கணவாய்க்குச் சற்றுக் கீழே வரை மழைதான்; வழியில் பழைய பனி இருந்தால் அது நனைந்து கனக்கும், ஓடைகள் பெருகும். கணவாயில் 25 அல்லது 30 சென்டிமீட்டர் ஈரப்பனி விழலாம். முகப்பு கடந்ததும் பனிக்கோடு 1,500 மீட்டருக்கு இறங்கி ஊரையே மூடுகிறது. மீதமுள்ள 20 மில்லிமீட்டர் மேலே 20 முதல் 30 சென்டிமீட்டர் இலேசான பனியாகும். நனைந்த சாலை அதன் அடியில் உறைந்து கிடக்கும். வெப்பத்திலிருந்து குளிருக்குச் செல்லும் புயல் என்பதால் கணவாயின் புதுப்பனி அடுக்கு தன்னளவில் மோசமில்லை. ஆனால் பகலில் நனைந்த கீழ்ச்சரிவுகளை நம்ப முடியாது. பகலில் ஓடைகளும் நனைந்த சரிவுகளும் தடுக்கின்றன. மாலையில் பனிக்கட்டி தடுக்கிறது. ஆகவே அன்று ஊரிலேயே தங்கி, மறுநாள் சாலையின் நிலையையும் பனிச்சரிவு அறிவிப்பையும் பார்த்தபின் முடிவெடுப்பதே என் பரிந்துரை.

இந்தக் கணக்கைப் போடும்போது ஒரு குறையை மனத்தில் வையுங்கள். கணினி முன்கணிப்புகள் மலையைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே சராசரி உயரத்தைத் தருகின்றன. பெரிய சதுரங்களைக் கொண்ட முன்கணிப்பில் சிகரம் தாழ்ந்தும் பள்ளத்தாக்கு உயர்ந்தும் போய்விடும். கைபேசிச் செயலி காட்டும் வெப்பநிலை எந்த உயரத்துக்குரியது என்று பார்த்து, உங்கள் உயரத்துக்கு 100 மீட்டருக்கு 0.6 டிகிரி வீதம் திருத்திக்கொள்ளுங்கள்.

பாதையில் இருக்கும்போது கவனிக்க வேண்டியவை

இரவு ஒரே இடத்தில் தங்கியிருந்தும் கையிலுள்ள அழுத்த உயரமானி காலையில் 50 மீட்டர் கூடுதலாகக் காட்டினால், நீங்கள் உயரவில்லை, அழுத்தம்தான் ஏறத்தாழ 5 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருக்கிறது. புயல் நெருங்குகிறது என்று பொருள். விழும் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கொத்துகளாக வந்தால் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இருக்கிறது, பனிக்கோடு உங்களுக்கு மிக அருகில் உள்ளது. சிறு செதில்களாக மாறினால் குளிர் கூடுகிறது. இணைய வசதி இருந்து ரேடார் படம் கிடைத்தால், ரேடாரைச் சுற்றி வளையமாகத் தெரியும் பிரகாசமான பட்டையைத் தேடுங்கள். உருகும் செதில்கள் ரேடார் அலையை வலுவாகத் திருப்பி அனுப்புவதால் தோன்றும் அந்தப் பட்டை பெருமழையைக் காட்டுவதில்லை. பனி உருகும் அடுக்கு எங்கே இருக்கிறது என்பதையே காட்டுகிறது.

புயல் விலகிய காலையில் எதிரேயுள்ள மலையைப் பாருங்கள். கரும்பச்சைக் காட்டுக்கும் வெண்மைக்கும் நடுவே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு சரிவு முழுவதும் ஓடும். வரைபடத்தில் அதன் உயரத்தைக் கண்டுபிடித்து, முந்தைய நாள் அறிக்கை சொன்ன உறைமட்டத்தையும், நீங்கள் கணித்த பனிக்கோட்டையும், காற்றின் திசையையும், புயலின் வகையையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். காற்று மோதும் சரிவில் அந்தக் கோடு மலைக்கு வெளியே கணித்த உயரத்தைவிடத் தாழ்ந்திருப்பதைப் பலமுறை காண்பீர்கள். ஒரு குளிர்காலத்தில் பத்துப் புயல்களுக்கு இப்படிக் குறித்தால், உங்கள் மலைக்கு எந்தத் திசைக் காற்றில் எத்தனை மீட்டர் கழிக்க வேண்டும் என்ற எண் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கும்.